நம்பும்படியாக இல்லை என்று எழுதினேன்

எந்த நாவலுக்கும் இனி மதிப்பெண் போடுவதில்லை என்று நான் முடிவெடுத்து நான்கு மாதம் ஆகிறது. வாசகர் வட்டத்தின் செயலாளர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் என் மேல்தான்.

சும்மா சொல்லக்கூடாது, மதிப்பெண் போடுவதில் நான் கெட்டிக்காரி. பதினோரு வருடம் அதைச் செய்திருக்கிறேன். எங்கள் வட்டம் சின்னது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். வருடத்துக்கு ஒரு நாவல் போட்டி. எல்லா வகையும் வரும், ஒவ்வொரு வகைக்கும் என்னிடம் ஒரு அளவுகோல் உண்டு. துப்பறியும் நாவலில் கொலைகாரன் முதல் மூன்று அத்தியாயத்துக்குள் ஒரு தடவையாவது கண்ணில் பட்டிருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் யாரோ ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்து இவன்தான் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரித்திர நாவலில் ராஜா ஒரு வேளையாவது பசிக்கிறது என்று சொல்ல வேண்டும். எந்நேரமும் வீர வசனம் பேசிக்கொண்டிருந்தால் இரண்டு மதிப்பெண் போச்சு. காதல் நாவலில் ஒரு போன் போட்டுப் பேசினால் தீர்ந்துபோகிற சண்டைக்காக இருநூறு பக்கம் அழக் கூடாது. எதிர்காலத்தில் நடக்கிற கதை எழுதுகிறவர்கள் இயந்திரத்தை விளக்கியே உயிரை வாங்குவார்கள். அவர்களை நான் பாஸ் போடுவதே அபூர்வம்.

இவை போக, எல்லா வகைக்கும் பொதுவாக ஒன்று வைத்திருந்தேன். கதைக்குள் ஒரு பொருளோ ஊரோ ஆளோ வந்தால் அது கதையில் வேலை செய்ய வேண்டும். வேலை செய்யாததை வெட்டி எறிய வேண்டியதுதான். அப்படி நான் வெட்டியவை கொஞ்சநஞ்சமல்ல. எனக்குப் பிழைப்பும் குறை கண்டுபிடிப்பதுதான். ஒரு பட்டுக்கடையில், நெய்து வரும் சேலையை விரித்து, எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே கரையில் ஜரிகை பிசகியிருக்கிறது என்று பார்த்துத் தரம் சொல்கிற வேலை. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நானும் அதை நம்பிவிட்டேன்.

போட்டியின் நடைமுறை இது. எழுதியவர் யாரென்று நடுவருக்குத் தெரியக் கூடாது. நாவலுக்கு எண் மட்டும் இருக்கும். பெயரும் விலாசமும் ஒரு கவரில் செயலாளரிடம் மட்டும் இருக்கும். நாங்கள் படித்து, சிவப்பு மையில் திருத்தி, ஒரு கருத்துக் கடிதமும் எழுதுவோம். அதை அவர் வட்டத்தின் லெட்டர் பேடில் டைப் செய்து, முத்திரை குத்தி, நாவலோடு சேர்த்து எழுதியவருக்கே அனுப்பிவைப்பார். ஒரு முறை திருத்தி எழுத வாய்ப்பு தருவோம். திருத்தி வருவதற்குத்தான் பரிசு.

இந்த வருடம் முதன்முறையாகப் பேய்க்கதைகளையும் சேர்த்துக்கொண்டோம். வந்தவற்றில் எட்டு, வழக்கமான வெள்ளைப் புடவை, வழக்கமான புளியமரம். ஒன்பதாம் எண் வேறு மாதிரி இருந்தது. ஒரு நீள நோட்டில், நெருக்கி நெருக்கி எழுதிய கையெழுத்து. கல்யாணமாகி ஒரு வீட்டுக்கு வருகிறாள் ஒருத்தி. அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது. அதற்குப் பெயரில்லை, 'அது' என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் வாசல் பக்கம் போனால் 'அது' அவள் பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிடுகிறது. ஒரு நாள் அவள் செருப்பு காணாமல் போகிறது. இன்னொரு நாள் அவள் போன். கதவு வெளிப்பக்கமாகத் தாழ் விழுகிறது. சாப்பாடு மட்டும் வேளைக்கு வந்துவிடுகிறது. 'அது' அடிப்பதில்லை, கத்துவதில்லை. நன்றாகச் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறது. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கையில் எடுத்த சோறு காய்ந்துபோகிற அளவுக்குப் படித்தேன்.

பிறகு என் வேலையை ஆரம்பித்தேன். மாவு மில்லுக்கு எதிர்ச்சந்து, பச்சைக் கதவு, மாடிப்படிக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, முனையில் திரும்பும்போது ஹாரன் அடிக்கிற பஸ் என்று பக்கத்துக்குப் பக்கம் விவரம். தேவையில்லை, பயம் கலைகிறது என்று ஓரத்தில் எழுதி அடித்தேன். ஐந்தாம் அத்தியாயத்தில் 'அது'வுக்கு வேறொரு ஊரிலும் ஒரு வீடு உண்டு, பிடிக்காததெல்லாம் அங்கே போய்விடும் என்று ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்த ஊர் கதையில் அதற்கப்புறம் தலைகாட்டவே இல்லை. குறுக்கே கோடு போட்டு, வேலை செய்யாத ஊர் என்று எழுதினேன். அவள் ஏன் ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்று ஒரு கேள்வியும் கேட்டேன். கடிதத்தில் மனசாரப் பாராட்டினேன். கற்பனை வளம் அபாரம், ஆனால் இப்படி ஒரு வீடும் இப்படி ஒரு வாழ்க்கையும் நம்பும்படியாக இல்லை, இத்தனையையும் செய்கிற 'அது'வுக்கு ஒரு காரணம் வேண்டாமா என்று முடித்தேன். கையெழுத்துப் போடும்போது பெருமையாகக்கூட இருந்தது.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை திருத்திய நாவல் வந்தது. வேறு நோட்டு, அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. மாவு மில் இல்லை, பச்சைக் கதவு இல்லை, பஸ் இல்லை. நான் சொன்னது சொன்னபடி எல்லாம் போயிருந்தது. நல்ல நாவலாக ஆகியிருந்தது. முதல் பரிசு இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில், நான் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது. 'அவள் ஒரு முறை கத்தினாள். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.'

அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கதைக்காக இட்டுக்கட்டுகிற விவரம் கதையில் வேலை செய்யும். பொழுது விடிந்தால் கண்ணெதிரே இருக்கிற விவரம் எந்த வேலையும் செய்யாது, சும்மா கிடக்கும். இது தெரியாமலா பதினோரு வருடம் சிவப்புப் பேனா பிடித்தேன்? மாவு மில்லையும் பச்சைக் கதவையும் அவள் வழி சொல்வதற்காக எழுதியிருக்கிறாள். பெயர் போகாத போட்டிக்கு விலாசத்தைக் கதைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறாள். நான் அதைத்தான் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் செயலாளர் கவரைத் தர மறுத்தார். பரிசு அறிவிக்கும் முன் நடுவர் கவரைப் பார்த்தால் போட்டிக்கே கெட்ட பேர் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று நான் பேசியது அடுத்த தெருவரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் அவரே கவரை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு பெண்ணின் பெயர், ஒரு தெருப் பெயர். நான் நடந்துபோகிற தூரந்தான்.

மாவு மில் இருந்தது. எதிர்ச்சந்து இருந்தது. சந்துக்குள் போய் நிற்கும்போதே பின்னால் முனையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துத் திரும்பியது. பச்சைக் கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் புதுசாக இருந்தது, அதில் பூட்டு ஒன்று திறந்தபடி தொங்கியது. வாசலில் ஆண் செருப்பு மட்டும் ஒரு ஜோடி.

கதவைத் திறந்தவர் அவள் கணவர். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல மரியாதை. நான் யாரென்று சொன்னதும் கைகூப்பி உள்ளே உட்காரவைத்தார். சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், என் கடிதம் லேமினேட் செய்து மாட்டியிருந்தது. கற்பனை வளம் அபாரம் என்ற இடத்தில் மஞ்சள் கோடு.

"இந்த லெட்டர்தான் மேடம் எங்க குடும்பத்தக் காப்பாத்துச்சு" என்றார். பொழுதுபோக்குக்கு எழுதுகிறாள் என்று நினைத்து, படித்துக்கூடப் பார்க்காமல் முதல் நோட்டைப் போட்டிக்குத் தபாலில் போட்டதே அவர்தானாம். மாமனார் பக்கத்துக் கிராமம், முசரவாக்கத்துக்காரராம். திருவிழாவுக்கு வந்தவரின் பையில் இவள், திருத்தத்தோடு திரும்பி வந்த அந்த முதல் நோட்டை வைத்து அனுப்பிவிட்டாளாம். மறுநாளே கிழவர் வந்து ஒரே ரகளை, என் பெண்ணை என்ன பண்ணி வைத்திருக்கிறாய் என்று. "இந்த லெட்டர காட்டுனேன். பெரிய பெரிய நாவலுக்கெல்லாம் மார்க் போடறவங்களே கற்பனைன்னு எழுதிக்கிறாங்க பாருங்கன்னேன். படிச்சிட்டு கம்முனு பூட்டாரு" என்று சிரித்தார். அந்த நோட்டை அவரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டாராம். அதற்கப்புறம் தானே பக்கத்தில் உட்கார்ந்து, நான் அடித்ததில் ஒரு வரிகூட விடாமல் எடுக்கவைத்து, அவளைத் திருத்தி எழுதச் செய்தாராம்.

அவள் காபி கொண்டுவந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. டம்ளரை என் கையில் கொடுக்கும்போது, எல்லாம் நிஜம்தானேம்மா, என்னோடு வந்துவிடுகிறாயா என்று நான் கேட்டேன். கணவர் முன்னாலேயே கேட்டேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது கதைங்க மேடம். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே" என்றாள்.

நன்றாகச் சாப்பிட்டாயா என்று அவர் அவளைக் கேட்டார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தக் காபியை நான் முழுசும் குடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. குடித்தேன், நன்றி சொன்னேன், வெளியே வந்தேன். அன்றைக்கே போலீசுக்குப் போயிருக்க வேண்டும். அவளே கதை என்று சொன்ன பிறகு எந்த முகத்தோடு போவது என்று யோசித்து ஒரு நாளைக் கெடுத்தேன்.

திங்கட்கிழமை காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டு முசரவாக்கம் போனேன். அவள் அப்பா வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் உள்ளே போய், ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். என் கடிதத்தின் ஜெராக்ஸ். மருமகன் கொடுத்தாராம். மனசு கேட்காத நாளில் எடுத்துப் படித்துப் பார்ப்பாராம், பெண் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று ஒரு தெம்பு வருமாம். நான் எழுதியது தப்பு, அவள் எழுதியதெல்லாம் நிஜம் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

"எம் பொண்ணு எழுதுனத நம்பாம, நீங்க எழுதுனத நம்புனேன்மா" என்றார்.

அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பச்சைக் கதவில், நேற்றுத் தொங்கிய பூட்டு பூட்டியிருந்தது. விடியற்காலையில் ஒரு வேன் வந்ததாகவும், இரண்டு பேரும் ஏறிப் போனதாகவும் மாவு மில்லில் சொன்னார்கள். அந்தப் பெண் தெருவில் நடந்து இன்றைக்குத்தான் பார்த்தேன், காலில் செருப்புகூட இல்லை என்றாள் மில்லில் வேலை செய்கிற அம்மா. கணவரின் போன் அணைந்து கிடந்தது. நான் போய்க் கேட்டதால்தான் கூட்டிக்கொண்டு போனான். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஸ்டேஷனில் ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர் எங்களை உட்காரவைத்து முழுசும் கேட்டார். அவள் அப்பா தெரிந்ததைச் சொன்னார். புரோக்கர் மூலமாக வந்த சம்பந்தம், மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா இல்லை, சொந்த ஊர் எது என்று கேட்டால் எல்லாம் மெட்ராஸ்தான் என்று மழுப்பிவிடுவார். முதல் நோட்டில் அப்பா படித்தது இரண்டு அத்தியாயந்தான். அதற்கு மேல் படிக்க முடியாமல் ஓடிவந்துவிட்டார். சப் இன்ஸ்பெக்டர் திருத்திய நாவலை வாங்கி, நின்றபடியே பாதிக்கு மேல் புரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதுல ஊர் பேரு ஒண்ணுகூட இல்லியேம்மா. முதல்ல எழுதுனதுல ஏதாவது இருந்துச்சா? அந்தாளுக்கு வேற எங்கியாவது வீடு இருக்குதுன்னு?"

இருந்தது. ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஊரின் பெயர் இருந்தது, எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று இருந்தது, வீட்டுக்கு எதிரே என்ன இருக்கும் என்றும் எழுதியிருந்தாள். மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம்வரை நான் போட்ட கோடு இப்போதும் கண்ணுக்கு நேராக நிற்கிறது. கோடு கொஞ்சம் வளைந்துவிட்டதால் ஸ்கேல் வைத்து மறுபடி போட்டேன், அதுகூட ஞாபகம் இருக்கிறது. கோட்டுக்கு அடியில் இருந்த ஊரின் பெயர் ஞாபகம் இல்லை.

அடித்ததையும் மறந்ததையும் சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவள் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.