மை படாத விரல்

எழுபதுகளில் திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், மேனேஜர் அறை வாசலில் ஒரு பியூன் நிற்பார். காக்கிச் சட்டையில் கழுத்துப் பித்தானைக்கூட விடாமல் மாட்டியிருப்பார். சுத்தமாக இருக்கும் கதவுக் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருப்பார். ஒட்டுக்கேட்கத்தான் என்று நாங்கள் அவரைக் கண்டாலே பேச்சை மாற்றிவிடுவோம்.

நான் சங்கத்தில் சேர்ந்த வாரமே மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். வாசலில் பியூன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“வெறும் பேப்பர்ல கையெழுத்து கேப்பாரு. போடாத நைனா. நீயே வேலைய வுட்டுட்டதா அப்பால எழுதிக்குவாங்க.”

“நான் சங்கத்துல சேந்தத அவராண்ட சொன்னது யாரு?”

“நான்தான்” என்று துணியை மடித்தார்.

உள்ளே மேனேஜர் வெறும் பேப்பரோடு தன் பேனாவையும் நீட்டினார். அந்தப் பேனா ஒழுகும். தொட்டவன் விரலில் மை ஒட்டும். நான் அதைத் தொடாமல் வெளியே வந்தேன். பியூன் முதலில் என் விரலைத்தான் பார்த்தார். யாரிடம் சொல்வதற்காகப் பார்த்தார் என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.