அம்புக்குறி இல்லாத கல்

அந்த யோசனை வந்தபோது சங்கராபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். திரையில் பதினோரு முகங்கள், ஆளுக்கொரு நாடு. பாறை இயற்பியல்காரர்களின் சர்வதேசக் குழு அது. கல்லுக்குள் ஒலி எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எங்கே தடுமாறுகிறது என்று சோறு தண்ணீர் மறந்து பேசுகிறவர்கள். சென்னையில் எம்.எஸ்சி. படிக்கும் எனக்கு மாணவர் சந்தாவில் ஓர் இடம்.

நார்வேக்காரர் ஒருவர் வரிவரியான ஒரு கல்லின் படத்தைக் காட்டினார். இந்த மாதிரிக் கல்லில் விரிசலும் வரியோடுதான் ஓடும், அதனால் வரியின் போக்கிலேயே ஒலியை அனுப்பினால் உள்ளே விரிசல் இருந்தாலும் கணீரென்றுதான் கேட்கும், குறுக்கே அனுப்பினால்தான் விரிசல் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்றார். அதே நேரம் பக்கத்து அறையில் அண்ணன் சுவரைத் தட்டினான். டொக், டொக். கொஞ்சம் தள்ளி இன்னொரு டொக்.

‘அன்று வரி எந்தப் பக்கம் ஓடியது?’ என்று நோட்டில் எழுதினேன்.

அண்ணன் முன்பு கிணறு ஆழப்படுத்தும் வேலையில் இருந்தான். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கிணறு. வெடி வைத்த மறுநாள் காலையில் முதல் ஆளாக இறங்கிப் பக்கச் சுவரைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவன் பொறுப்பு. கணீரென்றால் கல் கெட்டி. பொத்தென்றால் பின்னால் விரிசல். அன்று தட்டினான், ஏறி வந்தான், “எறங்கலாம்” என்றான். அவன் கூட்டாளி இறங்கினார். பத்து மணி டீ வருவதற்குள், கட்டில் அகலத்துக்கு ஒரு கல் பலகை சுவரிலிருந்து கழன்று அவர்மேல் விழுந்தது. மேலே கொண்டுவரும்போது உயிர் இல்லை.

இப்போது அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். தட்டுவதை மட்டும் விடவில்லை. வீட்டுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மாதா கோவில் தூண். பூசை நடக்கும்போதே விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பான். கூட்டாளியின் மனைவி எங்கள் தெருவில்தான், நாலு வீடு தள்ளி இருக்கிறார். அந்த அக்கா இவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனாலேயே இவன் ஆட்டோவைப் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவான்.

குழுவைப் பற்றிச் சொன்னபோது சிரித்தான். “கல்லுக்குக்கூட ஃபாரின்ல சங்கம் வச்சிக்கினு இருக்காங்களா? இங்க ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஒரு போர்டு வெக்க நாலு பேரு ஒண்ணா வரமாட்றான்.”

எனக்கு அவசரம். மறுநாளே ஸ்கூட்டியில் கிணற்றுக்குப் போனேன். மழைத் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. அன்று மேலே தூக்கிப் போட்ட பலகையின் துண்டுகள் கரையோர முள்ளுக்குள் கிடந்தன. ஒன்றை எடுத்து வந்து, கல்லூரி ஆய்வகத்தில் அறுத்து அளந்தேன். வரியின் போக்கில் ஒலி பறந்தது, குறுக்கே தவழ்ந்தது. ஆய்வக வாசலிலேயே நின்று போன் செய்தேன்.

“உம்மேல தப்பு இல்லண்ணா. நீ தட்டுன பக்கத்துலருந்து அது யாருக்குமே கேட்டிருக்காது.”

அந்தப் பக்கம் ஆட்டோவை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். “நெசமாவா பாப்பா?” என்றான்.

அன்று சாயங்காலமே அந்த அக்கா வீட்டு வாசலில் போய் நின்று சொல்லியிருக்கிறான். அவர் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாராம்.

அடுத்த கூட்டத்தில் என் படங்களைப் போட்டு வேகவேகமாகப் பேசினேன். முடித்ததும் கானாவிலிருந்து ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தயங்கிக் கேட்டாள்: “அம்புக்குறி எங்கே?”

எங்கள் வேலையில் கல்லை எடுப்பதற்கு முன் செய்யும் முதல் காரியம் அது. இருக்கும் இடத்திலேயே, எது மேல், எது வடக்கு என்று கல்லின்மேல் அம்பு போட வேண்டும். எடுத்த பிறகு போட முடியாது. குவியலில் கிடைத்த என் துண்டில் வரி இருந்தது. சுவரில் அது எப்படி நின்றது என்பது இல்லை. வரி சுவரிலிருந்து நேராக உள்நோக்கி ஓடியிருந்தால் எந்தக் காதுக்கும் விரிசல் கேட்டிருக்காது. சுவரோடு படிந்து ஓடியிருந்தால் பொத்தென்று கேட்டிருக்க வேண்டும், அண்ணன் கோட்டை விட்டான் என்று அர்த்தம். எது என்று தெரியாமலே சொல்லிவிட்டேன்.

யாரும் திட்டவில்லை. பதினோரு பேரும் திரையில் வேறெங்கோ பார்த்தார்கள். அவரவர் மேசையிலும் இப்படி அம்பு போடாத ஒரு கல் இருக்கும்போல.

ஊருக்கு வந்தபோது அண்ணன் முன்தெரு வழியாகவே வந்துகொண்டிருந்தான். வீட்டில் தட்டும் சத்தமே இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மூன்று நாள் இருந்தேன். அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கல் மேசைமேல் இருந்தது. நானே அதைப் பேனாவால் தட்டிவிட்டுக் காதைக் கொண்டுபோவதைக் கவனித்ததும் எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன்.

வண்டி துடைக்கும் துணியை மடித்துக்கொண்டே கேட்டான். “நேரா சொவத்துலதான் தட்டுனேன். அது மாறாது. இப்ப இன்னா, வரிய பாக்கணுமா?”

“ஆமாண்ணா. சொவத்துல அது எப்படிப் போகுதுன்னு.”

“தப்பு எம்மேலதான்னு வந்தா?”

“வந்தா அக்காகிட்ட நாந்தான் போய்ச் சொல்லணும்.”

“நீ ஏன் சொல்ற? எம்பேச்ச கேட்டுத்தான அவன் எறங்குனான்.” துணியை மறுபடி பிரித்தான். “இன்னும் தெரியலன்னு இப்பவே சொல்லிட்டு வரேன். குடிச்ச டீ தொண்டையிலயே நிக்குது.”

போய்விட்டு உடனே திரும்பிவிட்டான். “பாத்துட்டு வாங்க” என்றாராம் அக்கா, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் சுவரில் மறுபடி டொக், டொக்.

வெயிலில் தண்ணீர் இறங்கி, பலகை கழன்ற வடு வெளியே தெரிகிறதாம். வரும் ஞாயிறு பூசை முடிந்து போகிறோம். எதிர்ப்பக்கப் படிவழியாக, இடுப்பில் கயிறு கட்டி நான் இறங்குவேன். அண்ணன் கரையில் நின்று, தான் தட்டிய இடத்தை டார்ச் அடித்துக் காட்டுவான். பையில் திசைகாட்டியும் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் வைத்தாயிற்று. அம்பு போடும்வரை எந்தக் கல்லிலும் கை வைப்பதாக இல்லை.