நாலு காயும் ஒரே கையில்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதரோடு எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் செல்லசாமி எங்கள் தேயிலைத் தோட்டத்து வாச்சர். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தோட்டத்து விறகுக் காட்டில் யாரும் மரம் தறிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வேலை முடிந்ததும் சந்தேகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரோ அதைப் போட்டுக்கொண்டேதான் சாப்பிட உட்காருவார்.

கடையில் தீப்பெட்டி வாங்கினால் குச்சிகளை எண்ணுவார். ராகலையில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ்காரன் வேண்டுமென்றே சுற்றிப் போகிறான் என்பார். அந்த ஊருக்கு வேறு ரோடே கிடையாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நாங்கள் போட்டிருக்கும் லீக்ஸ் பாத்தியின் குறுக்கே ஓர் ஈர்க்குச்சியை வைத்துவிட்டு வருவார். மறுநாள் அது அசைந்திருந்தால் அன்றைக்கு லயம் முழுக்கக் குற்றவாளிதான். "காத்து அடிச்சிருக்கும்ங்க" என்று நான் சொன்னால், "ஏன், காத்து நம்ம பாத்தியிலதான் அடிக்குமா?" என்பார்.

ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்டாலும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை என்று ஒரு பெருமை எனக்கு இருந்தது. போன மாசம் அந்தப் பெருமையும் போயிற்று.

ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் தோட்டத்து அதிகாரி ஐயா என்னை நிற்கச் சொன்னார். தோட்டத்தில் இனிமேல் பெண்களையும் கங்காணியாகப் போடப்போகிறார்களாம். முதல் ஆளாக என் பெயரைக் கொடுத்திருக்கிறார்களாம். கண்டிப் பக்கம் மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். வருவதா இல்லையா என்று அடுத்த திங்கட்கிழமை காலையில் ஆபீசில் சொல்லிவிட வேண்டும். இருபத்தாறு வருஷமாகக் கங்காணியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொழுந்து பறித்தவள் நான். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"தோட்டத்துல எறநூறு பொம்பளைங்க இருக்காங்க. ஒன்னைய மட்டும் ஏன் கூப்புட்டாங்க?"

பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் தட்டு பறந்திருக்கும். ஆபீசில் புருஷன் கையெழுத்தெல்லாம் கேட்கவில்லை, நான் பாட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கொழுந்துக்கூடை மாதிரி முதுகில் கட்டிக்கொண்டு மூன்று கிழமை எப்படி இருப்பது? அவர் வாயால் 'போய்ட்டு வா' என்று ஒரு வார்த்தை வர வேண்டும். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் வழக்கம்போலப் பெட்டியை எடுத்துப் பாயில் விரித்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மகள் தனுஜா நுவரெலியாவில் ஒரு தங்கும் விடுதியில் வேலை செய்கிறாள். அங்கே வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன விளையாட்டுப் பெட்டியை, முதலாளியிடம் கேட்டு, போன வருஷம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அட்டையில் ஓர் ஊர் வரைந்திருக்கும். ஊரின் நடுவே ஆறு, ஆற்றின் மேல் எடுத்து வைக்கிற ஒரு அட்டைப் பாலம், இரண்டு கரையிலும் வீடுகள். நாலு பேர் ஆட வேண்டும். டொக்டர், பாலம் கட்டுகிறவன், சமையல்காரி, தோணிக்காரன் என்று ஆளுக்கொரு காய். எங்கே மழை பெய்கிறது என்பதைப் போனில் இருக்கிற ஆப் சொல்லும். பெய்த இடத்தில் வெள்ளம் ஒரு கோடு ஏறும், மூன்று கோடு ஏறினால் அந்த இடம் போய்விடும். மழை ஓய்வதற்குள் பத்து வீட்டைக் காப்பாற்ற வேண்டும். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. தனுஜாதான் வாசித்து விளங்கப்படுத்தினாள்.

"எதிரி யாரு?" என்றார் அவர்.

"எதிரி கெடையாதுப்பா. நாலு பேரும் ஒரே கட்சி. ஜெயிச்சா எல்லாரும் ஜெயிப்போம், தோத்தா எல்லாரும் தோப்போம்."

"அப்ப மழைய யாரு போடுறா?"

"போன்தான்."

"அப்ப அவன்தான் எதிரி" என்று முடிவு கட்டினார்.

தனுஜா டொக்டர், கீழ் லயத்தில் இருக்கிற என் அண்ணன் அழகன் பாலம் கட்டுகிறவன், நான் சமையல்காரி, அவர் தோணிக்காரர். முதல் இரண்டு ஞாயிறும் சிரிப்பாகத்தான் போயிற்று. மூன்றாம் ஞாயிறிலிருந்து யார் காயை யார் நகர்த்துகிறார்கள் என்றே தெரியாமல் போய்விட்டது. நான் கையை நீட்டினால் "அங்க வைக்காத" என்பார். தனுஜா யோசித்தால் "என்னாத்த மறைக்கிற?" என்பார். ஒரே கட்சி என்ற ஆட்டத்தில், கட்சிக்குள்ளேயே ஒரு கள்ளன் இருக்கிறான் என்று தேட ஆரம்பித்துவிட்டார். அண்ணன் வேண்டுமென்றே பாலத்தைக் கவனிக்கவில்லை என்று ஒரு நாள் முகத்துக்கு நேரே சொன்னார்.

அண்ணன் காயைக் கீழே வைத்தது. "மச்சான், நாங்க வெளையாட வந்தோமா, பெரட்டுக்கு வந்தோமா? நீங்க தோணிக்காரன் இல்ல, கங்காணி" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிற்று. அதற்குப் பிறகு வரவில்லை. தனுஜாவுக்கு லீவு கிடைப்பது குறைந்தது. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு பொறுக்கக் கிளம்பிவிட்டேன்.

யாரும் இல்லையென்றால் பெட்டியை மூடிவைப்பார் என்று நினைத்தேன். அவர் தனியாக ஆட ஆரம்பித்தார். தனுஜாவின் பழைய போன் வீட்டில்தான் கிடந்தது. எத்தனை பேர் ஆடுகிறீர்கள் என்று அது கேட்கும். ஒருவர் என்று அழுத்தினால் போனே ஒரு காயை எடுத்துக்கொண்டு நமக்கு உதவி செய்யும். "ஒதவியா? அவனா? மழையும் அவன் போடுவானாம், கொடையும் அவன் பிடிப்பானாம்" என்று, நாலு பேர் என்று பொய்யாக அழுத்திவிட்டு நாலு காயையும் தானே ஆடினார். ஆடி ஆடித் தோற்றார்.

தோல்விக்குப் போன்தான் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது ஒன்றில்தான் சந்தேகம் இல்லை. நாம் பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தான் மழையைப் போடுகிறது என்று அதன் மேல் சட்டியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கே போனார், போன் கடை ரிஸ்கானிடம்.

"இதுக்குள்ள யாரு தம்பி இருக்கான்?"

"யாரும் இல்லண்ணே. சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரிதான். அதுக்கு ஒங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. இந்தா பாருங்க, லைனக் கட் பண்ணிட்டேன். இப்பவும் ஓடுது."

"லைன் இல்லாமலே ஓடுதுன்னா, எல்லாத்தையும் முன்கூட்டியே எழுதி வச்சிருக்கான்னு அர்த்தம்" என்று இவர் சொல்ல, ரிஸ்கான் தலையில் கை வைத்துவிட்டானாம். வீட்டுக்கு வந்த பிறகும் அவனுக்கும் ஆப் கம்பனிக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் போனை ஒதுக்கிவிட்டுத் தாயக்கட்டையைப் போட்டு மழை பார்த்தார். அதிலும் தோல்விதான். கட்டையின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்று மறுபடியும் போனுக்கே வந்தார். "இவனே தேவல. கள்ளன்னு தெரிஞ்ச கள்ளன்" என்றார்.

திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்றால், முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வரை அவர் வாய் திறக்கவில்லை. நான் விறகுக்குப் போனேன். மூன்று மணி இருக்கும், சுமையோடு வாசலுக்கு வந்தால் எங்கள் காம்பரா அறைக்குள் பேச்சுக்குரல் கேட்டது. யாரோடு பேசுகிறார்? என்னைப் பற்றியா? சந்தேகமும் சளி மாதிரிதான், கூட இருந்தால் ஒட்டிக்கொள்ளும். விறகை இறக்காமல் கதவோரம் நின்று கேட்டேன்.

உள்ளே அவர் ஒருவர்தான். ஒவ்வொரு காயையும் எடுத்து அந்தந்த ஆளாகவே பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணனுடைய காயை எடுத்தார். "பாலத்துல ரெண்டு கோடு ஏறிருச்சு. இவன் எங்க வரப்போறான், பீடி குடிக்கப் போயிருப்பான்" என்று அதை நகர்த்தாமலே வைத்தார். டொக்டர் காயை எடுத்தார். "இவளுக்கு இந்நேரம் போன் வந்திருக்கும்." அதையும் நகர்த்தவில்லை. எனக்கு வாய் பிளந்துவிட்டது. நாலு காயும் தன் கையில் இருக்கிறது, எப்படி வேண்டுமானாலும் ஆடலாம். அப்படியிருந்தும், தான் நினைக்கிறபடி நாங்கள் எப்படிக் காலை வாருவோமோ, அப்படியே எங்களை ஆடவைத்துத் தோற்றுக்கொண்டிருக்கிறார்!

பிறகு சமையல்காரியை எடுத்தார். அக்கரையில் மூன்று வீடு பட்டினியாகக் கிடந்தன. நான் அரிசி மூட்டையோடு பாலத்தைத் தாண்டிப் போனால் மூன்றும் பிழைக்கும். விதி தெரிந்த சின்னப் பிள்ளைகூட அதைத்தான் ஆடும். அவரும் காயை அக்கரையில் வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்ப எடுத்து இக்கரையில் வைத்தார்.

"போனா வர மாட்டா" என்றார். அதை மட்டும் யாருடைய குரலிலும் சொல்லவில்லை, தன் குரலில்தான் சொன்னார்.

அவருக்கு ஒரு அக்கா இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் அதுதான் இவரை வளர்த்தது. இவருக்கு எட்டு வயதில், தோட்டத்து ஆட்களை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பியபோது, அதுவும் ரயிலேறிப் போயிற்று. தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனதாம். பிறகு கப்பலும் நின்றுபோனது, கடிதமும் நின்றுபோனது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

'ஏன் உன்னை மட்டும் கூப்பிட்டார்கள்' என்ற கேள்விக்கு அடியில் என்ன இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாவமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு ஆக்கிப்போட்டிருக்கிறேன். மூன்று கிழமையில் ஓடிவிடுகிறவளா நான்?

விறகைத் தடாலென்று போட்டேன். அவர் திடுக்கிட்டுப் போனைச் சட்டிக்கு அடியில் மறைத்தார். நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"ஏங் காய நான் வைக்கிறேன்" என்று சமையல்காரியை எடுத்தேன். பாலத்தைத் தாண்டி அக்கரையில் வைத்தேன். மூன்று வீடு பிழைத்தது. "இப்ப மழையப் பாருங்க."

சட்டியைத் தூக்கிப் போனை அழுத்தினார். எங்கள் அதிர்ஷ்டம், மழை பாலத்தின் மேலேயே பெய்தது. மூன்றாவது கோடும் ஏறியது. பாலம் போய்விட்டது.

அவர் பாலத்தை அட்டையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். 'சொன்னேனில்லையா' என்று அவர் முகம் கேட்டது. அந்த முகத்தில் ஜெயித்த களை கொஞ்சமும் இல்லை. எட்டு வயதுப் பையனின் முகம்தான் இருந்தது.

"எதுக்கு இப்புடிப் பாக்குறீங்க?" என்றேன். "பாலம் போனா என்னா? தோணி யாருகிட்ட இருக்கு?"

குனிந்து தன் காயைப் பார்த்தார். இத்தனை மாசமும் அந்தத் தோணியில் மணல் மூட்டை ஏற்றியிருக்கிறார், அரிசி ஏற்றியிருக்கிறார்.

"தோணியில ஆள ஏத்தலாமா?"

"மொத நாளே தனுஜா படிச்சுச் சொன்னாள்ல. நான் வர மாட்டேன்னு பயந்துக்கிட்டு இங்கனயே ஒக்காந்திருந்தா எப்புடி? நீங்கதான் வந்து கூட்டிட்டு வரணும்."

ரொம்ப நேரம் தோணியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஆற்றின் குறுக்கே தள்ளிக்கொண்டு போய் என் காய்க்குப் பக்கத்தில் விட்டார்.

ஜெயித்தோம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அடுத்த மழையில் இக்கரையில் இரண்டு வீடு போயிற்று. ஒன்பது வீட்டோடு தோற்றோம். "பாத்தியா, களவாணிப் பய! ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சதும் எப்புடிப் போட்டான் பாரு" என்று போனைத் திட்டிக்கொண்டே அதை அணைத்தார். அவர் 'ஜெயிக்கப் போறோம்' என்று சொன்னதை நான் கவனித்தேன். இத்தனை நாளும் ஜெயிக்கப் போறேன் என்றுதான் சொல்வார்.

காய்களைப் பெட்டிக்குள் அடுக்கினார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தப் படிக்கிற எடத்துல, ஞாயித்துக்கெழமையில வந்து பாக்க விடுவாங்களா?"

நான் எழுந்து, சிதறிக் கிடந்த விறகைப் பொறுக்கி அடுக்கினேன்.

"தெரியலங்க. நாளைக்கு ஆபீசுல கேட்டுக்கிட்டு வாறேன்."

"நீ கேக்காத" என்றார். "ஒன்கிட்டன்னா, விடுவோம் விடுவோம்னு சும்மா சொல்லி அனுப்பிருவானுங்க. நானே வந்து கேக்குறேன்."