கண் வைக்காத ஆமைகளும் கமலவேணி டீச்சரும்

சென்ற வியாழக்கிழமை இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தபோது பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தது. சேலம் மருத்துவமனையிலிருந்து கமலவேணி டீச்சரின் கணவர் பேசினார். "முடிஞ்சு போச்சுங்க" என்றார். தன் உடலை ஏற்காட்டு வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்பதுதான் டீச்சரின் கடைசி ஆசை என்றும், வாடகை வீடாயிற்றே, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

குடியிருந்தவர் இறந்தால் உடலை வீட்டுக்குக் கொண்டுவர வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. உறவினர்கள் சேலத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுப் பார்க்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்தார். ஒண்டிக்கடை முனையிலிருந்து மேலே ஏறும் பாதையில் நடந்தபோது, அதே வீட்டுக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முன்பு ஒரு முறை நடந்த வழக்குதான் நினைவுக்கு வந்தது. டீச்சரை அறியாதவர்களுக்கு அவரைக் காட்ட என்னிடம் அதைவிட நல்ல கதை இல்லை.

கமலவேணி டீச்சர் எங்கள் நடுநிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். கணவர் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எண்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது யாரோடும் அதிகம் பேசமாட்டேன். அவரும் பேசு என்று என்னை வற்புறுத்தியதில்லை. மதியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைப்பார். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

ஒரு பொங்கல் விடுமுறையில் சென்னையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தவர், செத்துக் கரை ஒதுங்கிய கடலாமை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தது என்று அங்கிருந்த கல்லூரி மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆமை முட்டைகளை நாய்களும் மனிதர்களும் எடுக்குமுன் சேகரித்து, வேலி போட்ட மணலில் புதைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் வேலையை அவர்கள் செய்துவந்தார்கள். ஊர் திரும்பியதும் டீச்சர் ஏழாம் வகுப்பில் இதைச் சொன்னார். நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன். இடையில் தட்டி மட்டும்தான்.

"கடலு எம்மாம் பெருசுங்க டீச்சர்? நம்ம ஏரியாட்டமுங்களா?" என்று கேட்டாள் கொட்டச்சேட்டிலிருந்து வரும் ராணி.

"அக்கரை தெரியாது கண்ணு."

"அப்பப் பனி நாள்ல நம்ம ஏரியாட்டமுங்க."

டீச்சர் சிரித்தார். "அப்படியேதான் சாமி. நீ பாதிக் கடலைப் பாத்துட்ட."

பிள்ளைகளை வைத்துக் கடலாமை பற்றி ஒரு நாடகம் போடுவது என்று அன்றே முடிவாகிவிட்டது. தலைமையாசிரியருக்கு அவ்வளவாக விருப்பமில்லை. "நம்ம காட்டெருமையைப் பத்திப் போடலாமேங்க. மலைக்காரங்களுக்கும் கடலாமைக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். டீச்சர் சொன்ன பதில் ஆசிரியர் அறையில் பலநாள் பேசப்பட்டது. "காட்டெருமையை இதுங்க தினமும் பாக்குதுங்க சார். கண்ணால பாக்காததுக்கும் பரிஞ்சு பேசக் கத்துக்கட்டும்."

நாடகத்துக்கு டிக்கெட், ஆளுக்கு ஒரு மஞ்சப்பை. முட்டைகளை எடுத்துச் செல்லத் துணிப்பை வேண்டும் என்று அந்த மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் பைகள் இல்லாத வீடு இந்த மலையில் ஏது?

காப்பிக்கொட்டைச் சாக்கில் வைக்கோல் திணித்து, தலையும் சேர்த்துத் தைத்து ஆமை ஓடுகள் தயாராயின. மாட்டிக்கொண்டு தவழ்ந்து பழகப் பிள்ளைகள் ஆளுக்கொன்றை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். மறுநாள் காலை எல்லா ஓடுகளும் பனியில் நனைந்து சொட்டச் சொட்டத் திரும்பி வந்தன. ஆமை வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் வெளியிலேயே வைத்துவிட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் இது முன்பே தோன்றவில்லை. பள்ளியில் பூட்டி வைக்க இருந்த ஒரே அறையில் சத்துணவு அரிசியும் அதைத் தேடிவரும் எலிகளும் இருந்தன. டீச்சர் எல்லா ஓடுகளையும் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன்.

வீட்டுக்காரம்மா பொன்னம்மா முன்கட்டில் குடியிருந்தார். பக்கவாட்டில் தனி வாசலோடு இருந்த இரண்டு அறைகள்தான் டீச்சருக்கு. வெற்றிலையைக் குதப்பியபடி வந்து நின்றார் பொன்னம்மா.

"ஏனுங்க டீச்சரம்மா, என்னங்க இதெல்லாம்?"

"சாக்குங்கம்மா."

"சாக்குக்கு எதுக்குங்க தலை?"

"நாடகத்துக்குங்க. ஆமை."

"பாத்தீங்களா, உங்க வாயாலயே சொல்லிட்டீங்க! ஆமை ஊட்டுக்குள்ள ஆவாதுங்க. இதுங்களை வெளிய போடுங்க, இல்லாட்டி வேற ஊடு பாத்துக்குங்க."

அறிவியல் ஆசிரியராயிற்றே, மூடநம்பிக்கை பற்றி ஒரு சொற்பொழிவு வரும் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்கம்மா, கோயிலுக்குப் புதுசா சிலை வந்தா, கண்ணு தொறக்கற வரைக்கும் அது என்னங்க?" என்று கேட்டார்.

"கல்லுதானுங்க."

"அப்பக் கண்ணு வெக்காத வரைக்கும் இது?"

பொன்னம்மா அந்தக் கண்ணில்லாத தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சாக்கு" என்றார், மனமேயில்லாமல். "கண்ணு கிண்ணு வெச்சீங்க, அன்னைக்கே காலி பண்ணிக்கோணும், ஆமா."

பள்ளிக்குத் திரும்பும்போது டீச்சரிடம், "இது அவங்களை ஏமாத்தற மாதிரி இல்லீங்களா அக்கா?" என்று கேட்டேன். "அந்தம்மா நம்பறதை நான் மதிக்கறேன். ஆமையையும் விடமாட்டேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி கெடச்சா அது ஏமாத்தா கண்ணு?" என்றார்.

அதன்பின் நாள்தோறும் பொன்னம்மா ஜன்னலில் எட்டிப்பார்த்து, "கண்ணு வெச்சுட்டீங்களா?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். நாடகத்தன்று பொத்தான் கண்களைப் பள்ளியில் வைத்துத்தான் தைத்தோம். எஸ்டேட் ஜனங்கள் மஞ்சப்பையும் கையுமாக வந்து மைதானத்தை நிறைத்துவிட்டார்கள். பொன்னம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முட்டையிடுவதற்காகத் தாய் ஆமை ராணி தவழ்ந்து மேடைக்கு வந்தாள். பாதி மேடை கடந்திருப்பாள், முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க டீச்சரம்மா! அதுக்குக் கண்ணு வெக்கலீங்களே! எப்படிங்க வழி தெரியும்?"

அவசரத்தில் தாய் ஆமையை மறந்தேவிட்டோம். கூட்டம் சிரித்தது. நான் ஊசி நூலைத் தேடிக்கொண்டிருந்தேன். டீச்சர் மேடை ஓரத்துக்கு வந்து, கைகூப்பி, "நீங்களே வந்து வெச்சுடுங்கம்மா" என்றார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. பொன்னம்மா வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். பிறகு எழுந்து மேடையேறினார். மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, விரலால் தொட்டு, சாக்குத் தலையில் இரண்டு பொட்டு வைத்தார். "போ சாமி, பாத்துப் போ" என்றார்.

"சரிங்க" என்றது ஆமை.

அந்தக் கைத்தட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மஞ்சப்பைகள் மூட்டையாகச் சென்னைக்குப் போயின. மணமக்கள் பெயர் போட்ட பைகளில் அந்த ஆண்டு ஆமை முட்டைகள் பயணம் செய்தன. நாடகம் முடிந்த அன்று, கண் வைத்த ஆமைகளை எங்கே கொண்டுபோவது என்று நாங்கள் விழித்தபோது பொன்னம்மா, "ஏன், நம்ம ஊடு இல்லீங்களா?" என்றார்.

அதன்பிறகும் டீச்சர் அங்கேயே இருந்தார். ஆண்டுதோறும் நாடகம் நடந்தது. நோய் வந்து சேலம் போகும் வரை ஒருமுறையும் விடவில்லை.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது பொன்னம்மா தன் முன்கட்டுக் கூடத்திலிருந்த பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையின் தொலைபேசி வழியாக அவருக்குச் செய்தி எட்டிவிட்டிருந்தது. நான் எப்படித் தொடங்குவது என்று தடுமாறினேன்.

"என்னத்தைக் கேக்க வந்தீங்க கண்ணு? டீச்சரம்மா எப்ப வர்றாங்கன்னு சொல்லுங்க."

பக்கத்து வீட்டு அம்மாள் வேலியோரம் நின்று, "ஏனுங்கக்கா, குடியிருந்தவங்களை இப்படி ஊட்டுக்குள்ள கொண்டாந்தா, அப்பறம் வாடகைக்கு யாருங்க வருவாங்க?" என்றார்.

"வராட்டிப் போறாங்க. இத்தினி வருசம் இருந்தவங்களை ரோட்டுல வெச்சா பாக்கறது?"

பிற்பகல் வண்டி வந்தது. பக்கவாட்டு வாசல் குறுகல் என்று யாரோ தயங்கினார்கள். பொன்னம்மா தன் முன்வாசல் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்து, ஓரமாக நின்று வழிவிட்டார். அந்தக் கூடத்தில்தான் டீச்சரைக் கிடத்தினோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும், என்றோ படித்துவிட்டுப் போனவர்களும், எஸ்டேட் ஆட்களும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வாசல் வழியாக வந்துகொண்டேயிருந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் பொன்னம்மா, "எங்கூட்டு டீச்சருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா, உங்களோடு வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதே எனக்குப் பெருமை. நீங்கள் கேட்டபடி உங்கள் வீட்டிலிருந்தே புறப்பட்டீர்கள். போய் வாருங்கள்.