அக்காவின் வயித்து வலி

போன் அடிச்சா எடுக்கறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுடும், அக்காதான். "வயிறு பிடுங்குதுடி, தாங்க முடியல." நான் ராசா டவுன்ல இருக்கேன், அவ போர்டிக்சன் போற வழியில, தோட்டத்து வீட்டுல தனியா. மாமா போய்ச் சேர்ந்தாச்சு, பிள்ளைங்க சிங்கப்பூர்ல. ஷிப்டை மாத்திக்கிட்டுக் காரை எடுப்பேன். வேற யாரு போறது?

எத்தனை ஸ்கேன் எடுத்தும் வயித்துல ஒன்னும் இல்ல. போன மாசம் ஆஸ்பத்திரியில அவ தன் விரலைக் குத்தி, மூத்திரக் குப்பியில ரத்தத்தை விட்டதை நர்ஸ் பார்த்துட்டாங்க. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். "யாராவது பக்கத்துல இருந்து பார்க்கணும்னுதான் இப்படிச் செய்றாங்கம்மா. இதுவும் ஒரு நோய்தான். வயித்தை அறுத்துப் பாருங்கன்னு கேட்கறாங்க. நாங்க செய்ய மாட்டோம், வேற எங்கயாவது போய் அறுத்துக்கப் போறாங்க. நல்லா இருக்கறப்பவும் போய்ப் பாருங்க."

எனக்கு வந்த கோவத்துக்கு அவளை அங்கயே விட்டுட்டு வந்திருப்பேன். கத்திக்கும் துணிஞ்சிட்டாளேன்னு பயமும் வந்துச்சு. நாங்க வளர்ந்த விதம் அப்படி. அம்மா விடியறதுக்கு முன்னால ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போயிடுவா. எங்களுக்குக் காய்ச்சல்னாதான் ஒருநாள் வீட்டோட இருப்பா. இப்பவும் ஆள் படுத்தாதான் சொந்தக்காரங்க மைலோ பவுடர் டின்னைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. சுகமா இருக்கறவங்களை யாரு எட்டிப் பாக்கறா?

டாக்டர் சொன்னாரேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை, அவ கூப்பிடாமலே போனேன். கதவைத் திறந்தவ முகம் வெளுத்துப் போச்சு.

"என்னடி சொல்லாம கொள்ளாம? உனக்கு என்ன?"

"ஒன்னும் இல்லக்கா, சும்மா வந்தேன்."

"சும்மா யாருடி வருவா? மறைக்காத லா."

எதிரெதிரா உட்கார்ந்தோம். பேச ஒரு மண்ணும் இல்ல. கொஞ்ச நேரத்துல அவ கை மெதுவா வயித்துக்குப் போச்சு. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் வார்டுதான்னு நினைச்சேன். எனக்கு அலுத்துப் போச்சு. "அக்கா, எனக்குத்தான் முடியல, தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது"ன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

அவ வயித்தை விட்டுட்டு எழுந்தா. பாயைப் போட்டு என்னைப் படுக்க வச்சா. மிளகு ரசம் வச்சுக் குடுத்தா. "உடம்பைப் பாத்துக்காம அப்படி என்னடி வேலை"ன்னு திட்டிக்கிட்டே நெத்தியில தைலம் தேய்ச்சா. சாயங்காலம் வரைக்கும் அவ வலியைப் பத்திப் பேச்சே இல்ல. என்னை ஒருத்தர் இப்படிப் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. சரியாப் போச்சுக்கான்னு சொல்லி எழுந்திருக்கணும், வாய் வரல.

"இன்னும் வலிக்குதாடி?"ன்னு கேட்டா.

"ஆமாக்கா"ன்னேன்.