சேவல் மாமி சேவலைத் தின்னவில்லை

எங்கள் உம்மாவின் கழுத்துமொட்டைச் சேவலைக் களவெடுத்துத் தின்றது என் மச்சான். ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை. பக்கத்து வளவு மாமி அல்ல. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிவரை வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்த வரியையாவது வாசித்துவிட்டுப் போகட்டும்.

ஒரு சேவலுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். அந்தக் கோழிகளை வளர்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மருதமுனையில் எங்கள் வளவு கடற்கரைப் பக்கம். முற்றம் முழுக்க மணல். வாப்பா தறி நெய்தார், உம்மா நூல் சுற்றினார். வளவில் திரிந்த கோழிகளுக்குக் கழுத்தில் ஒரு இறகு கிடையாது. தலையில் தொப்பி வைத்த மாதிரிக் கொஞ்சம் இறகு, தோளுக்குக் கீழே மற்றக் கோழிகளைப் போல இறகு, இடையில் வெறும் தோல். சேவலுக்கு வெயில் ஏற ஏற அந்தத் தோல் பழுத்த மிளகாய் மாதிரிச் சிவக்கும். பொரித்த அன்றைக்கே குஞ்சின் கழுத்தைப் பார்த்து இது எங்கள் சாதி என்று சொல்லிவிடலாம். சில குஞ்சுகளுக்கு முன்கழுத்தில் மட்டும் ஒரு கொத்து இறகு நிற்கும். வாப்பா அவற்றைக் கழுத்துப்பட்டி கட்டின துரைமார் என்பார்.

அழகான கோழி இல்லை. இல்லாததை இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். கல்முனைக்குடியிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு உம்மாவிடம் கேட்டார்:

“இதென்னகா, பாதி உரிச்சுப்போட்டு மறந்திட்டீங்களா?”

“ஓம். மிச்சத்த நீ வந்து உரிப்பாய் எண்டு விட்டு வெச்சிரிக்கன்.”



ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் மற்ற வளவுக் கோழிகள் சிறகை விரித்து வாயைப் பிளந்துகொண்டு முருங்கை நிழலில் கிடக்கும்போது எங்களுடையவை சுடுமணலில் நின்று கிளறிக்கொண்டிருக்கும். மீன் செதில், குடல், நண்டு ஓடு, எது போட்டாலும் தின்னும். நூலுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியை உம்மா சிரட்டையில் ஊற்றுவார். அதற்கு அடிபிடி நடக்கும். சாயம் கழுவி ஊற்றிய தண்ணீரில் நடந்து நடந்து பாதிக் கோழிகளுக்குக் கால் நீலம். சிவப்புக் கழுத்தும் நீலக் காலுமாக அவை ஒழுங்கையில் இறங்கினால் புதிதாக வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

எனக்கு அவற்றின் கழுத்தைத் தொடப் பிடிக்கும். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுடும். விரலால் மெதுவாகச் சொறிந்தால் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டும். ஒரு பேடு உம்மா நூல் சுற்றும் இடத்துக்கு வந்து, நூல் கூடைக்குள்தான் முட்டை இடுவேன் என்று பிடிவாதம் பிடித்தது. உம்மா அதைத் திட்டிக்கொண்டே கூடையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

பிறகு சூறாவளி வந்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, பார்க்காதவர்களுக்கு விளக்கவும் முடியாது. விடிந்தபோது கூரை இல்லை, தென்னைகள் இல்லை, வேலி நெடுகச் செத்த கோழிகள். வாப்பாவின் தறிமேல் கூரை விழுந்து கிடந்தது. அதற்குக் கீழே கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. கிடுகை இழுத்துப் பார்த்தால் ஒரு சேவலும் இரண்டு பேடும். உம்மா சோற்றுப் பானையைத் தேடவில்லை. முதலில் ஒரு கூடையைத் தேடிப் பிடித்து அந்த மூன்றையும் மூடினார்.

“கூரைய விட இவளுக்குச் சேவல் பெரிசாப் போச்சு” என்றார் வாப்பா.

“கூரைக்குக் கிடுகு பின்னலாம். இதப் பின்னுவீங்களா?”

பக்கத்து வளவு மாமிக்கு ஒரு கோழிகூட மிஞ்சவில்லை. அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை, கூப்பிட்டுப் பழகிய மாமி. கணவர் கரைவலைக்குப் போகிறவர். உம்மா தன் இரண்டு பேட்டில் ஒன்றை மாமிக்கு வாரத்துக்குக் கொடுத்தார். பேடு எங்களுடையது, வளர்ப்பு மாமியுடையது, பொரிக்கும் குஞ்சில் பாதி அவருக்குப் பாதி எங்களுக்கு. எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் கோழி பெருக்கினார்கள். வேலியில் ஆள் போய்வர ஒரு கடப்பு இருந்தது. அதில் நின்று இருவரும் கதைத்த கதையில் பாதி குஞ்சுகளைப் பற்றியது, மீதி கணவன்மாரைப் பற்றியது. குஞ்சுகளைப் பற்றித்தான் நல்லதாகக் கதைத்தார்கள்.

ஒழுங்கையில் மறுபடியும் கழுத்துமொட்டைகள் நிறைந்தன. எல்லாவற்றுக்கும் தகப்பன் அந்த ஒரு சேவல்தான்.

அப்படி இருக்கும்போது ராத்தாவுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் கரையில் பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு ராத்தாவுக்கு எழுதப்பட்டது, நாங்கள் அதே வளவில் பின்னால் குடில் போட்டு ஒதுங்கினோம். மாப்பிள்ளை என்றால் வீட்டுக்கு வந்த ராசா. உம்மா அவருக்கு முன்னால் வர மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, “மருமகனுக்கு இன்னும் கறி போடு” என்று எங்களுக்குச் சொல்வார். அவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு, “மாமிக்குக் கஷ்டம் வேணாமெண்டு சொல்லு” என்று எங்களுக்குத்தான் சொல்வார். சொல்லிவிட்டுத் தின்பார்.

எத்தனை கோழி அந்தத் தட்டுக்குப் போனது என்று நான் எண்ணவில்லை. உம்மா மனம் கோணாமல் கொடுத்தார். எங்கள் வளவில் மாப்பிள்ளைக்கு அறுக்க மனம் வராத கோழி அந்தச் சேவல் மட்டும்தான்.

சேவலுக்கு மச்சானைப் பிடிக்கவில்லை. அவருடைய வெள்ளைச் சாரனைக் கண்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவரும். கலியாணம் முடித்து வந்த புதிதில் அவர் தொழுகைக்குப் போகும்போது மழை இல்லாத நாளிலும் குடையோடு போனார். பள்ளிக்கு வெளியே அவருடைய கூட்டாளிமார், “மாமியார விட மாமியார்ர சேவலுக்குத்தான் பயம்” என்று பகிடி பண்ணினார்களாம். இதை ராத்தாவே எங்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு நாள் வெள்ளாப்பில் சேவல் கூவவில்லை.

உம்மா வளவைச் சுற்றினார், ஒழுங்கையைச் சுற்றினார், கடற்கரை வரை போனார். கீரி பிடித்தால் இறகு கிடக்கும், நாய் பிடித்தால் இரத்தம் கிடக்கும், ஒன்றும் இல்லை. கண்ட ஆட்களையெல்லாம் கேட்டார். வாப்பாவைக் கேட்டார், எங்களைக் கேட்டார், தறி வேலைக்கு வந்தவரைக் கேட்டார். மாப்பிள்ளையைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையை யார் கேட்பார்? அப்படி ஒரு கேள்வி எங்கள் ஊரில் எந்த மாமியாரின் வாயிலும் வந்ததில்லை. வந்திருந்தால் அடுத்த நாள் அவர் தாய் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கியிருப்பார், ஊரும் அவர் பக்கம்தான் நின்றிருக்கும். மச்சானும் எங்களோடு சேர்ந்து தேடினார். கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கை துருதுருக்கிறது.

மாமியின் மகள் அப்போது பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துப் போட்டுக் கோழி சமைப்பது வழக்கம். மிளகும் உள்ளியும் கோழியும் வேகும் வாசனை வேலியைத் தாண்டி வந்தது. உம்மா கடப்பில் போய் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

“சட்டியில என்னகா?”

மாமி அகப்பையோடு வெளியே வந்தார்.

“என்னத்துக்குக் கேக்காய்?”

“என்ட சேவலக் காணல்ல.”

“நீ கேட்டுட்டாய். இனி நான் என்ன சொன்னாலும் ஒண்டுதான்.”

அவ்வளவுதான் கதைத்தார்கள். அன்று அசர் தொழுகைக்கு முன் மாமி வாரத்துக்கு வாங்கிய பேட்டையும், எங்கள் பங்குக் குஞ்சுகளையும், தன் பங்குக் குஞ்சுகளையும் கூடையில் போட்டுக் கடப்பால் தள்ளிவிட்டார். பிறகு கடப்பைக் கிடுகு வைத்து அடைத்தார். கூடையில் மாமியின் பங்கில் ஒரு விடலைப் பேடு மட்டும் குறைந்தது. சட்டியில் வெந்தது அதுதான். அவருடைய கோழி, அவருடைய சட்டி, அவருடைய மகள். நான் உம்மாவுக்கு அதைச் சொன்னேன். கேட்கிற நிலையில் உம்மா இல்லை.

கடப்பில் நின்று கேட்ட கேள்வி ஒழுங்கை முழுக்கக் கேட்டுவிட்டது. யாரோ ‘சேவல் மாமி’ என்று வைத்தார்கள். கிழமை முடிவதற்குள் ஊரே அப்படிக் கூப்பிட்டது. மாமியின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் கொக்கரித்தார்கள்.

கோழிகளுக்கு இது ஒன்றும் தெரியாது. மாமி வளர்த்த பேட்டுக்கு மாமியின் வளவுதான் வீடு. வேலியைப் பறந்து கடந்து அங்கே போய் முட்டை இட்டுவிட்டு வரும். மாமி அந்த முட்டையைத் தன் சின்ன மகளிடம் கொடுத்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்வார். ஒரு முட்டையும் தவறவில்லை. பேடு அடைக்குக் குந்தும்வரை அப்படி நடந்தது.

“சேவலக் களவெடுத்தவ முட்டையத் தருவாவா உம்மா?” என்று கேட்டேன்.

“முட்ட வேற, சேவல் வேற” என்றார் உம்மா. ஆனால் அந்த முட்டைகளில் ஒன்றையும் அவர் எண்ணெயில் போடவில்லை, அவிக்கவில்லை. எல்லாவற்றையும் அடைக்கு வைத்தார். யாரோ வீட்டுச் சாதாரணச் சேவலுக்குப் பொரித்த குஞ்சுகள்தான், ஆனாலும் பாதிக்கு மேல் வெறும் கழுத்தோடு வந்தன. அனேகம் கழுத்துப்பட்டி துரைமார். உம்மா அவற்றைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வேலிப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல வாய் எடுத்ததை நான் கண்டேன். உடனே குஞ்சுகளைக் கூடைக்குள் விட்டு மூடினார்.

அந்தப் பெருநாளைக்கு உம்மா ஒரு பீங்கான் நிறையச் சோறும் கறியும் மாமி வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் ஊரில் பெருநாள் பீங்கான் வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழமாவது வைத்து அனுப்புவார்கள். மாமி பீங்கானைக் கழுவித் துடைத்து வெறுமையாக அனுப்பினார். உம்மா அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

உம்மா மௌத்தாகும்வரை இருவரும் கதைக்கவில்லை. மையத்து வீட்டுக்கு மாமி வந்தார். உம்மாவின் தலைமாட்டில் இருந்து ஓதினார். ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

போன ஹஜ்ஜுப் பெருநாளில் ராத்தா வீட்டில் எல்லோரும் கூடினோம். மச்சான் பேரன்மாரோடு ஒரே சஹன் தட்டில் இருந்து சாப்பிட்டார். பண்ணைக் கோழி சப்பென்று இருக்கிறது என்றார். கோழி என்றால் தான் இளந்தாரிக் காலத்தில் தின்ற ஒரு கழுத்துமொட்டைச் சேவல்தான் என்று கதையைத் தொடங்கினார். கலியாணம் முடித்த மாப்பிள்ளை விருந்து தரவில்லை என்று கூட்டாளிமார் கேலி பண்ணினார்களாம். மாமியாரிடம் கேட்க வெட்கமாம். தன்னைத் துரத்தின சேவலைச் சாக்கில் போட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோனாராம். இறகு குறைவு, உரிக்க நேரம் எடுக்கவில்லையாம். பேரன்மார் சிரித்தார்கள்.

பிஸ்மி சொல்லித்தான் அறுத்தோம் என்று வேறு சொன்னார். பிஸ்மி சொன்னால் மாமியாரின் சேவல் மருமகனின் சேவலாகிவிடுமா?

கறிச் சட்டியோடு நின்றிருந்த நான் கேட்டேன்: “அப்ப மாமிக்கு அந்தப் பேர் வரக்குள்ள நீங்க எங்க இருந்தீங்க மச்சான்?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “அது பழைய கதை புள்ள. உம்மாவும் மௌத்தாகிட்டா. நான் ஒரு நாளைக்குப் போய் மாமிக்கிட்ட மாப்புக் கேக்கன். ஒருத்தருக்கும் தெரிய வேணாம்.”

மச்சான் கெட்டவர் இல்லை. உம்மா படுக்கையில் கிடந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். எனக்கு அவர் மேல் பிரியம் உண்டு. அதனால்தான் இன்னும் கோபம்.

மாமி இன்னும் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. அவருடைய வீட்டு முன்னால் இருக்கும் பேரனின் கடைக்கு யாரோ அறியாத பிள்ளை போனாலும் ‘சேவல் மாமிர கடை’ என்றுதான் வழி கேட்கிறது. அதை அவர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒருத்தருக்கும் தெரியாமல் மாப்புக் கேட்டால் அந்தப் பெயர் போகாது. அது ஊருக்குத் தெரியத்தான் வந்தது. மச்சான், வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சனம் வெளியே வரும்போது பள்ளி வாசலில் நில்லுங்கள். உங்களோடு தின்ற கூட்டாளிமாரில் உயிரோடு இருப்பவர்களையும் பக்கத்தில் நிற்பாட்டுங்கள். சேவலை எடுத்தது யார், தின்றது யார், மாமியைப் பார்த்து ஊர் கொக்கரித்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தது யார்? எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.