ஓரமா நிறுத்தி வையி

பாவாடை முதலில் குப்பையைத்தான் திறப்பார். புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பொலின் நடத்தும் பிரவுசிங் சென்டரில் மூன்றாவது தடுப்பு அவருக்கு என்பது எழுதாத சட்டம். செருப்பை வாசலில் விட்டு, தோளில் கிடக்கும் துண்டால் கீபோர்டை ஒரு துடை துடைப்பார். மவுஸைக் கவிழ்த்து அதன் வயிற்றிலிருக்கும் உருண்டையை ஊதுவார். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, இன்பாக்ஸ் பக்கம் திரும்பியும் பாராமல் நேராக ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடுவார். கண்ட கண்ட விளம்பர மடல்களையும் மோசடி மடல்களையும் கம்ப்யூட்டரே பிரித்து ஒதுக்கிப் போடுகிற பெட்டி அது. ஊரில் ஒருவரும் எட்டிப் பார்க்காத அந்த இடத்தில் இவர் தினமும் சாவகாசமாகக் குடியிருப்பார்.

இதனால் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஃபேன் காற்று ஒழுங்காக வருகிற தடுப்பு அது ஒன்றுதான். பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய நான் வெளியே ஸ்டூலில் வியர்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே இந்த மனுஷன் லாட்டரிக்காரனோடு வழக்காடிக்கொண்டிருப்பார்.

“கோடி ரூவா குடுக்குறானாம், எம் பேரு கூடத் தெரியல அவனுக்கு. டியர் பிரெண்டுங்குறான். போடா டேய்!”

“ஆப்பிரிக்காவுல எவனோ ஆபீசர் செத்துட்டானாம். அவன் பணத்த வச்சிக்க ஊர்ல வேற ஆளே கெடைக்கலையாம், பாவாடைதான் வேணுமாம்.”

“இவன் மாத்திர விக்கிறான். இந்த வயசுல எனக்கு எதுக்குடா அது, கம்னாட்டி! பொலின் பாப்பா, நீ இந்தப் பக்கம் வந்துடாத.”

பொலின் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பாள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிப்பாயின், ஊர்ப் பேச்சில் சொன்னால் சொல்தாவின், மகள் அவள். இவரை “முசியே பாவாடை” என்றுதான் கூப்பிடுவாள். அந்த மரியாதையில் இவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி உண்டு.

ஆள் நல்ல உயரம். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்திருப்பார். மீசை மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது, மற்றதெல்லாம் ஓய்வுபெற்றுவிட்டது. எல்லையிலிருக்கும் கோரிமேட்டில் கலால் துறைச் சோதனைச் சாவடியில் காவலராக இருந்தவர். புதுச்சேரியில் சரக்கு மலிவு, எல்லைக்கு அந்தப் பக்கம் விலை அதிகம். பிறகு என்ன, பள்ளிக்கூடப் பையிலிருந்து பலாப்பழம் வரைக்கும் எல்லாவற்றுக்குள்ளும் பாட்டில் போகும். பாவாடை பேருந்தில் ஏறினால் பையைப் பார்க்க மாட்டாராம், மூஞ்சியைத்தான் பார்ப்பாராம். “ரொம்பப் பணிவா வணக்கம் சொல்லுவான் பாருங்க, அவன் பையிலதான் பாட்டிலு இருக்கும். மொறைக்கிறவன் பையில வெறும் துணிதான் சார்.”

சந்தேகப்பட்ட வண்டியை அவர் திருப்பி அனுப்பியதில்லை. “ஓரமா நிறுத்து” என்பார். புளியமர நிழலில் அது நிற்கும். சாவகாசமாகப் போய்ப் பார்த்து, குற்றமில்லை என்று தெரிந்தால் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். அதற்குப் பிறகுதான் டிரைவர் கியரைப் போடுவான். “விசிலெல்லாம் கண்டக்டருக்கு சார். நமக்குக் கைதான்.”

இப்படிப்பட்டவர் பொழுதுபோகாமல் மின்மடலிலும் சோதனை நடத்துகிறார் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். ஒருநாள் உள்ளேயிருந்து வந்த வசவு பாதியில் நின்றது. மனுஷனுக்கு மயக்கம் கியக்கமோ என்று எட்டிப் பார்த்தேன். ஆட்காட்டி விரலைத் திரையில் ஒட்டவைத்து, உதடு அசைய, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். “அப்பா, இங்க ஒரே குளிரு” என்று ஆரம்பித்தது. பொலின் என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டிப்போனாள்.

“அது தீபா மெயில் சார், தீபலட்சுமி. அவரு பொண்ணு.”

“பொண்ணு மெயில் எதுக்கு ஸ்பேமுல கெடக்கு?”

“அவருதான் அதுல போடச் சொன்னாரு.”

விஷயம் இதுதான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் சம்பந்தம் கிடைத்தால் சொத்தை விற்றாவது பெண்ணைக் கொடுக்கிற வழக்கம் இந்த ஊரில் உண்டு. கல்யாணம் முடிந்து சில வருஷத்தில் பெண்ணுக்கும் அந்தப் பாஸ்போர்ட் வந்துவிடும், பிறகு பிரான்சுதான். டீக்கடையில் உட்கார்ந்து அப்படிப்பட்டவர்களையெல்லாம் பாவாடை கிழி கிழியென்று கிழிப்பார். “மாப்ளையப் பாக்குறானுங்களா, பாஸ்போர்ட்டப் பாக்குறானுங்களா?” என்று அவர் கேட்டால் கடையே குலுங்கும். அவருடைய ஒரே மகள் தீபா, விடுமுறைக்குப் பாரிசிலிருந்து வந்த தியரி என்ற பிரெஞ்சுக் குடியுரிமைப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பையன் தங்கமானவன், “எங்க மாதா கோயில் ஆளுங்கதான்” என்கிறாள் பொலின். ஆனால் டீக்கடை விடுமா? “என்னா பாவாடை, மாப்ள பாஸ்போர்ட்டு என்னா கலரு?” என்று கேட்டார்கள். பாதி டீயோடு எழுந்து வந்தவர் இன்றுவரை அந்தக் கடைக்குப் போகவில்லை.

நேராக இங்கே வந்தாராம். மகளிடமிருந்து வந்த முதல் மடலைக் காட்டி, “இது வந்தா உள்ள வுடாத” என்றாராம்.

“வந்த ஒடனே அழிஞ்சி போற மாதிரி பண்ணிடவான்னு கேட்டேன் சார். துண்டால கீபோர்டத் தொடச்சாரு. அப்புறம், ‘அழிக்கல்லாம் வேணாம், ஓரமா நிறுத்தி வையி’ன்னாரு.”

எனக்கு அதுவரை இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அன்றிலிருந்து நான் முதல் தடுப்பில் வெந்துகொண்டே கட்டுரை அனுப்புகிறேன்.

அந்தப் பெட்டியில் எது விழுந்தாலும் ஒரு மாதத்தில் தானே அழிந்துவிடும். அழிவதற்குள் ஒவ்வொரு மடலையும் திரும்பத் திரும்பப் படித்துவிடத்தான் இவர் ஒருநாள் தவறாமல் வருவது. காய்ச்சலோடும் வருவார், மழையிலும் வருவார். லாட்டரியும் மாத்திரையும் வெறும் பாவலா. “ஒரே ஒரு கிளிக்கு முசியே, மேல வந்துடும், அழியாது” என்று பொலின் சொல்லாத நாளில்லை. “தள்ளுனது நானு. நானே போயி எடுத்தாந்தா ஊரு சிரிக்காது?” என்பார். ஊருக்கு இவருடைய ஸ்பேம் பெட்டி எங்கே தெரியப்போகிறது! அந்த மின்மடல் கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே தீபாதான். பாஸ்வேர்டு கூட அவள் பெயர்தான். அதை மட்டும் மாற்ற வேண்டுமென்று கோபக்காரருக்குத் தோன்றவேயில்லை.

ஒருமுறை அவர் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கன்னியம்மாள் முற்றத்தில் சுதும்பு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே பாவாடையைக் கேட்டார்.

“குப்பையில என்னா கெடந்துது இன்னிக்கி?”

“ஒரு லாட்டரி. ஒரு வங்கி. அப்புறம் ஒண்ணு, அதுக்கு வாந்தி நின்னுடுச்சாம். மாங்கா கெடைக்கலன்னு எலுமிச்ச தின்னுதாம்.”

“அய்ய, அவ்ளோ புளிப்பு தின்னா பல்லு கூசுமே.”

“எனுக்கு என்னா தெரியும்? குப்பதான?”

தினமும் இதே கச்சேரிதானாம். மகள் பேரை அவரும் சொல்ல மாட்டார், இவரும் கேட்க மாட்டார். ஆனால் பிரான்சில் அந்தப் பெண் தும்மினால் முத்தியால்பேட்டையில் மறுநாளே தெரிந்துவிடும். தீபாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் பாவாடையின் சட்டப்படி குப்பைக்குப் பதில் போடக் கூடாது. பதில் வருகிறதா இல்லையா என்று பாராமல் அவள் எழுதிக்கொண்டேயிருந்தாள்.

கார்த்திகை மழை கொட்டிய ஒரு புதன்கிழமை பாவாடை என்னைக் கூப்பிட்டார். “சார், இந்த வரி சரியா வௌங்கல, படிங்க.” விளங்காமலில்லை. இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. நான் படித்தேன். தை மாதம் பிரசவம். அம்மா கூட இருந்தால் நன்றாக இருக்கும், பயமாக இருக்கிறது. விசாவுக்குத் தியரி அங்கே மேரியில் எழுதிக் கொடுத்துப் பேப்பர் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். இல்லாவிட்டால் தியரியின் அம்மாவையே வரச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்யவும் மாட்டேன் அப்பா.

மேரி என்பது அவர்கள் ஊர் நகராட்சி என்று பொலின் விளக்கினாள். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

குடையைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே வீடு வரைக்கும் போனேன். வழக்கம்போலக் கன்னியம்மாள் கேட்டார். இவர் மறைக்கவில்லை. மனைவியிடம் மறைக்க மட்டும் அவருக்கு வராது.

“பேறுகாலத்துக்கு அம்மா வரணுமாம். வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் வேணுமாம். இல்லன்னா இனிமே எழுதாதாம்.”

கன்னியம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் குரல் தழதழக்கவில்லை.

“குப்பைக்கி யாரு பதில் போடுவா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாவாடையின் வார்த்தைதான், அவருக்கே திரும்பி வந்தது. நான் நழுவி வந்துவிட்டேன். வியாழக்கிழமை பாவாடை வந்தார். லாட்டரிக்காரனைக் கூடுதல் சத்தமாகத் திட்டினார். அந்த மடலைத் திறந்தார், மூடினார், திறந்தார். பதில் போடாமலே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மீசையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். பொலின் ஜெபமாலையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். கன்னியம்மாள் அந்தப் படியேறுவது அதுதான் முதல் தடவை. மடிப்புக் கலையாத சுங்குடிப் புடவை, கையில் மஞ்சள் பை. பொலின் தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டுபோய் மூன்றாவது தடுப்பில் போட்டாள். பாவாடை கீபோர்டைத் துடைக்கவில்லை, மவுஸை ஊதவில்லை. லாட்டரிக்காரன் அன்று தப்பித்தான்.

“எங்க இருக்கு அந்தக் கிளிக்கு?” என்றார் பொலினிடம்.

அவள் கை நீட்டியதும், “காட்டு போதும், நானே பண்றேன்” என்று தடுத்தார். இது ஸ்பேம் இல்லை என்ற பொத்தான் மேல் அம்புக்குறி போய் நின்றது. அழுத்தினார். மடல் அங்கிருந்து மறைந்தது. “போயிடுச்சே!” என்று பதறினார். பொலின் இன்பாக்ஸைத் திறந்து காட்டினாள். தலைமாட்டில் தீபலட்சுமி என்ற பெயர் இருந்தது.

“என்னா எழுதணும்?” என்று மனைவியைக் கேட்டார்.

“அம்மா வராங்கன்னு எழுதுங்க. எலுமிச்ச ரொம்பத் தின்ன வேணாம்னு எழுதுங்க. அந்தப் பேப்பருக்கு நம்பரு வேணுமின்னா இதப் போடுங்க.” மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பாவாடை அதையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். “இத எப்படி எடுத்த?”

“நீங்க குப்ப பாக்க வர்ற நேரத்துலதான். அதுக்குப் போலீசு வூட்டுக்கு வந்து விசாரிச்சப்பவும் நீங்க இங்கதான இருந்தீங்க!”

பொலின் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாவாடை சிரிக்கவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். அம்மா வராங்க. எலுமிச்சை வேணாம். பாஸ்போர்ட் எண். அதற்குப் பிறகு விரல் நின்றது.

“கீழப் பேரு போடுங்க” என்றார் கன்னியம்மாள்.

பாவாடை என்று அடிக்கத் தொடங்கி, அதை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, அப்பா என்று அடித்தார். அனுப்பும் பொத்தானை அழுத்தினார். மடல் போய்விட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது. அவர் நாற்காலியைத் தள்ளி எழுந்து, அந்தக் குண்டு மானிட்டரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.